அலாஸ்கா கப்பல் பயணம்: அப்பா அம்மாவோடு போகலாமா, கொடுக்கும் காசுக்குத் தகுமா?

டல்லாஸ்_வாசி:

ஏப்ரல் கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். போன தடவை நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் எல்லாம் முடித்தாகிவிட்டது. இந்த முறை ஜூனில் சியாட்டிலிலிருந்து கிளம்பும் ஏழு இரவு அலாஸ்கா கப்பல்தான் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறாள். நாங்கள் மூன்று பேர் (மகளுக்கு ஏழு வயது), அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 64. அம்மாவுக்கு முழங்கால் வலி, பத்து நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. இரண்டு அறை, அதில் ஒன்று பால்கனியோடு, எல்லாம் சேர்த்து 7,000 டாலரைத் தாண்டுகிறது. சியாட்டிலுக்கு விமான டிக்கெட் தனி. "ஐஸைப் பார்க்க இவ்வளவு காசா, ஃப்ரீசரைத் திறந்து பார்" என்கிறான் மச்சான். ஏழு நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்பது அப்பாவின் கேள்வி. மகளுக்குப் பனிக்கரடி வேண்டும், மனைவிக்கு வடதுருவ ஒளி வேண்டும், எனக்கு என் சேமிப்பு வேண்டும். போய் வந்தவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

கொங்கு_நாடோடி:

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பனிக்கரடி கிடையாது, அவை வடகோடியில் ஆர்க்டிக் கடலோரத்தில்தான், உங்கள் கப்பல் அந்தப் பக்கமே போகாது. வடதுருவ ஒளியும் ஜூனில் நடக்காது. வழியில் கப்பல் நிற்கும் ஜூனோ ஊரில் ஜூன் மாதத்தில் பதினெட்டு மணி நேரம் சூரியன் இருக்கிறது, மிச்ச நேரமும் முழு இருட்டாவதில்லை, வானம் கறுத்தால்தானே ஒளி தெரியும்? வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், கப்பல் ஏறிய பிறகு சொன்னால் அடி விழும்.

மற்றபடி, நாங்கள் மாமனார் மாமியாரோடு போனோம், தகும் என்றே சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: போகும் தடத்தில் கிளேசியர் பே இருக்கிறதா என்று பாருங்கள். அது தேசியப் பூங்கா, ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. அன்று கரையில் இறங்குவது கிடையாது. காலையில் பூங்கா ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி, மாலை வரை ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டே வருகிறார்கள். 1794-இல் ஆங்கிலேயக் கடற்படை அளக்க வந்தபோது அங்கே விரிகுடாவே இல்லையாம், வாசல் வரை ஒரே பனிக்கட்டி. 1879-இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்து பார்க்கும்போது அது பல மைல் உள்ளே போய்விட்டிருந்தது. இன்று அந்த வாசலிலிருந்து பனியாற்றின் முகம் வரை கப்பலில் சுமார் 65 மைல். அத்தனை தூரமும் ஒரு காலத்தில் ஐஸ்தான் என்று கேட்டதும், அதுவரை சீட்டு ஆடிக்கொண்டிருந்த மாமனார் எழுந்து ரெயிலிங் பக்கம் போய்விட்டார்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புகிறது, அதனால் எந்தப் பக்கம் அறை எடுத்தாலும் காட்சி உண்டு. நீர்மட்டத்துக்கு மேல் 250 அடி உயரத்துக்கு நீலமும் அழுக்கும் கலந்த சுவர். ஒரு துண்டு உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் பிறகுதான் வருகிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்கிறார்கள். மாமியாருக்கும் முழங்கால் தொந்தரவுதான். பால்கனியில் நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, காபியோடு உட்கார்ந்தே எல்லாம் பார்த்துவிட்டார். நடக்க முடியாதவர்களுக்கு ஒரு மலைநாட்டை இவ்வளவு பக்கத்தில் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மழைக்காதலி:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. ஆகஸ்ட் கடைசியில் போனேன், ஏழு நாளில் ஐந்து நாள் மழை. அது மழைக்காடு, வழியில் நிற்கும் கெட்சிகன் ஊரில் வருடத்துக்கு 140 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது, நம் சென்னைக்கு 55 அங்குலம் வந்தாலே படகு விடுகிறோம். இது என் தப்புதான், மே, ஜூனில் மழை குறைவு. ஆனால் துறைமுகங்கள் விஷயத்தில் இன்னும் கோபம் இருக்கிறது. இறங்கியதும் வரிசையாக நகைக்கடை, டி-ஷர்ட் கடை. ஸ்காக்வேயில் ஊர்க்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர், ஒரே நாளில் கப்பல்களிலிருந்து அதைப் போல் பல மடங்குக் கூட்டம் இறங்குகிறது. ஜூனோவில் ஊர்மக்களே போதும் என்று முறையிட்டு, 2024 முதல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்தில் வருபவர்களே அந்தச் சின்ன ஊருக்கு அதிகம். நான் முன்பணம் கட்டிய திமிங்கலப் படகு மோசமான வானிலையால் ரத்து ஆகி, காசு திரும்பி வர ஆறு வாரம் ஆனது.

என்னைக் கேட்டால் அலாஸ்காவின் ஆங்கரேஜுக்குப் பறந்து, கார் எடுத்து, முதலில் கடலோரமாகவும் பிறகு மலைகளுக்கு நடுவிலும் செவார்டுக்கு ஓட்டிப் போய் (127 மைல், வழி முழுக்க நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்), அங்கிருந்து கெனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் படகு. பனியாறு, திமிங்கலம், கடல்நாய், பஃபின் பறவை எல்லாம் ஒரே நாளில். எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் கையில், கப்பலின் சங்குக்குப் பயந்து ஓட வேண்டாம்.

கொங்கு_நாடோடி:

@மழைக்காதலி, கடலோரச் சாலை அருமை, மறுக்கவில்லை. ஆனால் தினம் ஒரு ஓட்டல், தினம் பெட்டியைக் கட்டிப் பிரி, அறுபது எழுபது வயதுக்காரர்களைக் காரில் உட்கார வைத்து மணிக்கணக்கில் ஓட்டு. அந்தக் கணக்கையும் போட வேண்டும். இருவர் மட்டும் என்றால் நானும் உங்கள் கட்சி.

சியாட்டில்_சித்தப்பா:

பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் கடைசியில் இந்தக் கப்பலில்தான் போய் நிற்கிறோம், மூன்று முறை ஆகிவிட்டது. தம்பி, நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதை முதலில் பாருங்கள்: கனடா விசா. சியாட்டில் கப்பல்கள் திரும்பும்போது ஒரு சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். ஆசைப்பட்டு நிற்பதில்லை. வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-இல் போட்ட சட்டம், நடுவில் ஒரு வெளிநாட்டைத் தொட்டே ஆக வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, அமெரிக்க கிரீன் கார்டு இருந்தால் ஒழிய, கனடா விசா வேண்டும், நாங்கள் இறங்கவே மாட்டோம் என்றாலும் கப்பல்காரர்கள் ஏறும்போதே கேட்பார்கள். அப்பா அம்மாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் உங்கள் அமெரிக்க விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தால் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போன வருடம் தெரிந்த குடும்பம் ஒன்று கப்பல் வாசல் வரை வந்து திரும்பியது.

அடுத்தது அலை. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகும், முதல் நாளே வயிறு பேசும். வான்கூவரிலிருந்து கிளம்புகிறவை தீவுக்கும் கரைக்கும் நடுவில் போகும், அங்கே தண்ணீர் குளம் மாதிரி. அம்மாவுக்குப் பேருந்தில் தலை சுற்றும் என்றால் வான்கூவரை யோசியுங்கள், இல்லை என்றால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தட்டில் அறை எடுங்கள்.

அப்புறம் செலவு. விளம்பர விலையோடு டிப்ஸ் ஆளுக்கு நாளைக்கு 16 முதல் 20 டாலர் சேரும், ஏழு வயதுப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான். ஐந்து பேர், ஏழு நாள், பெருக்கிப் பாருங்கள். கரையில் எல்லா ஊரிலும் எக்ஸ்கர்ஷன் (தனிக் காசு கட்டிப் போகும் சுற்றுலா) எடுக்காதீர்கள். ஜூனோவில் திமிங்கலப் படகு, ஸ்காக்வேயில் ரயில், இரண்டு போதும். ஹம்ப்பேக் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் ஹவாயில் இருந்துவிட்டுக் கோடையில் சாப்பிட இங்கே வருகின்றன, ஜூனில் நிச்சயம் இருக்கும். ரயில் 1898-இல் தங்க வேட்டைக் காலத்தில் போட ஆரம்பித்தது, 20 மைலில் 2,865 அடி ஏறுகிறது. நம் மேட்டுப்பாளையம் குன்னூர் ரயிலும் ஏறக்குறைய அதே வயதுதான், 1899. ஸ்காக்வே மலைப்பாதையில், ரயில் வருவதற்கு முன், பொதி சுமந்தே மூவாயிரம் குதிரைகள் செத்திருக்கின்றன. அந்த ரயில் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றது, உட்கார்ந்தபடியே மலை ஏறிவிடலாம். கெட்சிகனில் எதுவும் வேண்டாம், கடைத்தெருவில் கொஞ்சம் நடந்து பூர்வகுடிகள் மரத்தில் செதுக்கிய ஒரு டோட்டம் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்து தூங்குங்கள்.

டல்லாஸ்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. கனடா விசா யோசனையே எனக்கு இல்லை, இன்று இரவே உட்கார்கிறேன். நான் பார்த்து வைத்திருந்த கப்பலில் கிளேசியர் பே இல்லை, எண்டிகாட் ஆர்ம் என்று வேறொரு பனியாற்று இடத்தைப் போட்டிருக்கிறது, அதனால்தான் மலிவு போல. அதே வாரம் வான்கூவரிலிருந்து போகும் ஒன்றில் கிளேசியர் பே இருக்கிறது, 900 டாலர் கூட. இரண்டாவது அறையைச் சன்னல் இல்லாததாக எடுத்து நானும் மனைவியும் மகளும் அதில் அடைந்துகொண்டு, பால்கனியை அப்பா அம்மாவுக்குக் கொடுத்தால் அந்த 900 சமாளிக்க முடியும். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசியாக ஒன்று: அம்மா சுத்த சைவம், வெங்காயம் கூடச் சில நாள் சேர்க்க மாட்டார். ஊறுகாய், முறுக்கு கொண்டுபோகலாமா?

தயிர்சாதம்42:

பதிவு செய்ததுமே கப்பல்காரர்களுக்கு இந்திய சைவ உணவு என்று எழுதிவிடுங்கள், முதல் ராத்திரி தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் ஒருமுறை சொல்லுங்கள். மறுநாளுக்கு வேண்டியதை முந்தின இரவே கேட்டுச் செய்து தருவார்கள், நிறைய கப்பல்களில் சமையல்கட்டில் இந்தியர்கள் இருக்கிறார்கள். தயிரும் வெறும் சாதமும் எப்போதும் கிடைக்கும். முறுக்கு, ஊறுகாய் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தால் பிரச்சினை இல்லை, வீட்டில் செய்ததைக் கப்பல் வாசலிலேயே அவர்கள் பிடுங்கிவிடக்கூடும். குக்கர் மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், என் அம்மாவுடையதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் கொடுத்தார்கள்.