தொலைந்த சொகுசுக் கார் சாவிக்கு 85,000 ரூபாயா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் திருச்செந்தூர்க் கடலில் நீராடிக் கரையேறியபோது, எனது ஜெர்மன் சொகுசுக் காரின் சாவி இடுப்புப் பையில் இல்லை. சென்னை வீட்டிலிருந்த மாற்றுச் சாவியைத் தம்பி இரவுப் பேருந்தில் கொண்டுவந்து சேர்த்தான். புதிய சாவிக்கு வரியுடன் 85,000 ரூபாய் ஆகும் என்று கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் சொல்கிறார்கள். வெளியில் செய்துகொள்ளலாமா?

பதில் 1:
ஐயா, அந்த விலை வெறும் சாவிக்கானது அன்று. சாவிக்குள் இருக்கும் சிப் அனுப்பும் சங்கேதத்தை வண்டியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி) ஏற்றுக்கொண்டால்தான் இன்ஜின் இயங்கும் என்பதால், வண்டிக்கே உரிய சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சாவியை வரவழைத்து, பிறகு கணினி மூலம் வண்டியுடன் இணைக்க வேண்டியிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கேட்பார்கள். கையிலிருக்கும் சாவியையும் மறவாமல் கொண்டுசென்று, தொலைந்த சாவியின் பதிவை நீக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2:
வெளியில் செய்து நான் பட்ட பாடு போதும். கதவு திறந்தது, ஆனால் வண்டி கிளம்பவேயில்லை; கொடுத்த 30,000 ரூபாயும் திரும்பவில்லை. முதலில் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் சாவி இழப்புக்கான கூடுதல் பாதுகாப்பு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், காவல் நிலையத்தில் புகார் அளித்து ரசீது பெற்றுக்கொண்டு, சாவிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நாளைக் காலையே புகார் அளிக்கிறேன்.