புதுப்பிப்பு: விழித்திரை சத்திரசிகிச்சைக்குப் பின் அம்மாவுக்கு வந்த கண்வலி

சாவகச்சேரியில் இருக்கும் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து நாலாம் நாள் கண் சிவந்து வலி கூடுகிறது, திங்கட்கிழமை கிளினிக் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "பனடோலுக்கு அடங்காத வலி என்றால் இரவே கொண்டுபோங்கோ" என்ற அக்காவின் பேச்சைத்தான் கேட்டோம். கண் தப்பியது அதனால்தான்.

ஓட்டோவில் யாழ்ப்பாணம் போய்ச் சேர இரவு பத்து மணி. கருவிழியின் உட்பக்கம், கீழே சீழ் கோடாகப் படிந்திருந்தது. கண்ணுக்குள் கிருமித்தொற்று, எண்டொப்தல்மைட்டிஸ் என்றார் டொக்டர். அன்றிரவே உள்ளிருந்து மாதிரி எடுத்து, வன்கோமைசின், செஃப்டாசிடைம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளையும் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட்டார்கள். சொட்டு மருந்து மட்டும் போதாதாம், உள்ளே போதியளவு இறங்காது.

எதிர்பாராத விஷயம்: மாதிரியில் கிருமி எதுவும் வளரவில்லை. அப்படி வருவதும் உண்டாம், சிகிச்சையை நிறுத்தவில்லை. இன்னொன்று, விழித்திரையை அழுத்திப் பிடிக்கச் சத்திரசிகிச்சையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்ததால் பார்வை மங்கியதை அதன் தலையிலேயே போட்டுவிட்டோம். ஒரு நாள் வீணாய்ப் போனது அப்படித்தான். வாயு இருக்கும்போது பார்வையை வைத்து மதிப்பிட முடியாது. வலி கூடுகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஆறு வாரம். வாயு கரைந்துவிட்டது. பேப்பரில் தலைப்புகளை வாசிக்கிறார், சின்ன எழுத்து இன்னும் முடியவில்லை.