பிளஸ் ஒன் மார்க் எதற்கும் கணக்கில் வரவில்லையா?

சாக்பீஸ்:
தமிழக அரசு 2025-ல் பிளஸ் ஒன் (பதினொன்றாம் வகுப்பு) பொதுத்தேர்வை ரத்து செய்தது பற்றி ராசிபுரத்தான் நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன். "2018-லிருந்து பிள்ளைகளை வதைத்த தேர்வு ஒழிந்தது. அந்த மார்க் ஒருநாளும் எந்தக் காலேஜ் சேர்க்கைக்கும் கணக்கில் வந்ததில்லை. வீண் தேர்வு."

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. மார்க் எங்கிருந்து வந்தது? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுத்து மார்க்கிலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் இருந்து 30 சதவீதம். அந்த மார்க்கை வைத்துத்தான் அந்த வருஷம் பொறியியல் கலந்தாய்வு நடந்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு முன்னால் வந்து "கணக்கில் வரவில்லை" என்று எழுதாதீர்கள்.

ராசிபுரத்தான்:
வணக்கம் வாத்தியாரே. கொரோனா வருஷத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 2017 மே மாதம் அறிவிக்கும்போது பிளஸ் ஒன் 600, பிளஸ் டூ 600, மொத்தம் 1200 என்றார்கள். 2018 செப்டம்பரில் அதே அரசு, அதே பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன், உயர்கல்விக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார். அதற்கப்புறம் இந்தத் தேர்வுக்கு என்ன மரியாதை? பெயிலானாலும் பிளஸ் டூ போகலாம், அரியர் எழுதிக்கொள்ளலாம். மார்க் கணக்கில் வராத தேர்வுக்கு எதற்கு மூன்றாவது பொதுத்தேர்வு?

சாக்பீஸ்:
2021-க்குப் பதில் சொல்லுங்கள். 20 சதவீதம் வந்ததா இல்லையா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
ஐயா, நீங்கள் சதவீதம் பேசுகிறீர்கள். என் பெரியவள் பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் பொதுத்தேர்வு எழுதினாள். பத்தாவது முடிந்து மூச்சுவிடவில்லை, அதற்குள் அடுத்த தேர்வுக் கட்டணம். ராத்திரி தூக்கமில்லாமல் உட்கார்ந்து அழுவாள். சின்னவனுக்கு அது இல்லை என்றதும் எனக்கு நிம்மதிதான். அதைத் தப்பு என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

சாக்பீஸ்:
அம்மா, உங்கள் பிள்ளையின் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2018-க்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருந்த பெரிய பெரிய விடுதிப் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்கவே மாட்டார்கள். ஜூன் மாதம் சேர்ந்த பிள்ளைக்கு ஜூலையில் பிளஸ் டூ பாடம். ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் உருட்டி உருட்டி 200-க்கு 200 வாங்கவைத்தார்கள். பிராய்லர் பள்ளி என்று ஊரே சொன்னது சும்மா இல்லை. எங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளை முதல் வருஷம் நேர்மையாகப் பிளஸ் ஒன் படித்துவிட்டு, மிச்சமிருக்கும் பத்து மாதத்தில் பிளஸ் டூ படித்து, இவர்களோடு ஒரே கட்-ஆஃபில் போட்டி போட்டது. நியாயமா அது?

அங்கே செண்டம் வாங்கிய பிள்ளைகள் பொறியியல் முதல் செமஸ்டரில் கணக்கில் விழுந்தார்கள். வகையிடல் அடிப்படை பிளஸ் ஒன் கணக்கில் இருக்கிறது. அதை யாரும் சொல்லித்தரவில்லை. நீட், ஜே.இ.இ. இரண்டுமே இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேட்கிறவை. அதில் பாதிப் பாடம் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? இதையெல்லாம் பார்த்துத்தான் 2017-ல் அந்த அரசாணை வந்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு. அந்த வருஷம்தான் அந்தப் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள்.

அதனால் வீண் தேர்வு என்று சொல்லாதீர்கள். கணக்கிலும் வந்தது. 2021-ல், 20 சதவீதம்.

ராசிபுரத்தான்:
வந்துவிட்டார் நாமக்கல்லைத் திட்ட. எங்கள் மாவட்டத்தில் போர்வெல் ரிக் வண்டி ஓட்டினவன் பிள்ளையும் கோழிப்பண்ணைக்காரன் பிள்ளையும் டாக்டரானது உங்களுக்குப் பொறுக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஏன் எங்கள் ஊர் விடுதிக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள்? உங்கள் மாதிரி வாத்தியார்கள் ஒழுங்காக நடத்தியிருந்தால் அனுப்புவார்களா? பிளஸ் ஒன் பாடம் நடத்தவில்லை என்று சொல்கிறீர்களே, அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

சாக்பீஸ்:
அங்கிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். போதுமா?

பழைய பெஞ்ச்:
சாக்பீஸ் சாருக்கு ஒரே கேள்வி. உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்? அரசுப் பள்ளி பி.ஜி. (முதுகலை) ஆசிரியர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் பள்ளியிலேயே சேர்த்தார்கள்? முதலில் அதைச் சொல்லிவிட்டு நியாயம் பேசுங்கள்.

சாக்பீஸ்:
என் பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளி. பத்தாவது வரை ஊர்ப் பள்ளி, மேல்நிலை நான் வேலை பார்த்த பள்ளியிலேயே. என் வகுப்பிலேயே உட்கார்ந்து படித்தார்கள். இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான். அடுத்த கேள்வி?

பழைய பெஞ்ச்:
இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

சாக்பீஸ்:
பிறகு எதற்குக் கேட்டீர்கள்?

கணக்குப்பதிவியல்:
இரண்டு பேருமே இயற்பியல், நீட், பொறியியல் தாண்டி வரமாட்டீர்கள். வணிகவியல் பிரிவில் படிக்கிற பிள்ளை உங்கள் கண்ணுக்கே தெரியாது. தொழிற்கல்விப் பிரிவை அரசுப் பள்ளிகளில் ஒவ்வொன்றாக மூடினார்களே, அப்போது இந்தக் கோபம் எங்கே போனது? எங்கள் பாடத்தில் பிளஸ் ஒன் தெரியாமல் பிளஸ் டூ கணக்கு போடவே முடியாது. இரட்டைப் பதிவு முறை தெரியாதவன் கூட்டாண்மைக் கணக்கை எப்படிப் போடுவான்? நாங்கள் பொதுத்தேர்வு வருவதற்கு முன்னாலும் நடத்தினோம், இனியும் நடத்துவோம். அறிவியல் பிரிவுக்காரர்கள் செய்த திருட்டுக்கு எங்கள் பிள்ளைகள் ஏன் ஒரு பொதுத்தேர்வு எழுத வேண்டும்?

ராசிபுரத்தான்:
திருட்டு என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

கணக்குப்பதிவியல்:
பெற முடியாது.

சாக்பீஸ்:
கணக்குப்பதிவியல் சார், நீங்கள் நடத்துவீர்கள், நம்புகிறேன். நீங்களும் நானும் நல்லவர்கள் என்பதற்காக விதியை எடுத்துவிட முடியாது. பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். பிளஸ் ஒன் தேர்வையும் மேல்நிலைக் கல்வித் துறையே நடத்துகிறது, மார்க்கையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? தேர்வை வைத்துக்கொண்டு மார்க்கை எடுத்தோம். இப்போது தேர்வையும் எடுத்துவிட்டோம்.

இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை. பொதுத்தேர்வு இருந்தவரை பிளஸ் ஒன்னில் யாரையும் நிறுத்தி வைக்க முடியவில்லை. பெயிலானால் அரியர், ஆனால் பிள்ளை பிளஸ் டூ வகுப்பில் உட்காரும். இனி பதினொன்று பள்ளியின் உள்தேர்வு. பேப்பர் திருத்துவது அவர்கள், பெயில் போடுவது அவர்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் வைக்க ஆசைப்படும் பள்ளி, சுமாராகப் படிக்கிற பிள்ளையைப் பதினொன்றிலேயே கழற்றி டி.சி. கொடுத்து அனுப்பும். முன்பு அதைத்தான் செய்தார்கள். அந்தப் பிள்ளை வந்து நிற்கப் போவது அரசுப் பள்ளி வாசலில். நாங்கள் சேர்த்துக்கொள்வோம். பிறகு தேர்ச்சி விகிதம் குறைந்தது என்று சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
டி.சி. கொடுக்கிற பள்ளியின் மேல் நடவடிக்கை எடுங்கள். அதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் பரீட்சை வைப்பதா? வீட்டில் ஒருவன் தப்பு செய்தால் ஊருக்கே தண்டனையா?

சாக்பீஸ்:
யார் நடவடிக்கை எடுப்பார்கள் அம்மா? பெற்றோரே விருப்பப்பட்டு வாங்கிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் டி.சி. கொடுக்கிறார்கள். எத்தனை கடிதம் படித்திருக்கிறேன்.

பழைய பெஞ்ச்:
இது முழுக்க அரசியல். கொண்டுவந்தது ஒரு கட்சி, எடுத்தது இன்னொரு கட்சி. தேர்வைக் கொண்டுவந்த இதே கூட்டம்தான் 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை போட்டது. 2020 பிப்ரவரியில் எதிர்ப்பு தாங்காமல் வாபஸ் வாங்கியது. சாக்பீஸ் சார் அன்றைக்கும் கைதட்டியிருப்பார்.

சாக்பீஸ்:
ஐந்தாம் வகுப்புத் தேர்வை எதிர்த்து மாவட்டத் தலைநகரில் தரையில் உட்கார்ந்தவன் நான். பத்து வயசுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வேறு, பதினாறு வயசுப் பிள்ளைக்கு வேறு. கட்சியைக் கொண்டுவந்து இதில் நுழைக்காதீர்கள். தி.மு.க. அரசு நியமித்த நீதிபதி முருகேசன் குழுவே உட்கார்ந்து எழுதிய மாநிலக் கல்விக் கொள்கை, அதில்தான் ரத்து வந்தது என்பார்கள். யார் எழுதினாலும் என் கேள்வி ஒன்றுதான். பிளஸ் ஒன் பாடத்தை நடத்துகிறார்களா என்று இனி யார் பார்ப்பது?

ராசிபுரத்தான்:
அடுத்தவனைச் சந்தேகப்படுவதுதான் உங்கள் வேலை. 2025 மே மாத ரிசல்ட்டில் பிளஸ் ஒன் தேர்ச்சி 92 சதவீதம். இவ்வளவு பேர் பாஸாகிற தேர்வு எதைச் சல்லடை போட்டது? சி.பி.எஸ்.இ.-யில் பதினொன்றுக்கு போர்டு தேர்வு இல்லை. அங்கே படித்தவர்கள் ஐ.ஐ.டி. போகவில்லையா? மறுபடியும் சொல்கிறேன், மார்க் கணக்கில் வராத தேர்வு.

சாக்பீஸ்:
மறுபடியும் சொல்கிறேன், 2021-ல் 20 சதவீதம்.

ராசிபுரத்தான்:
ஒரு வருஷம்!

சாக்பீஸ்:
அந்த ஒரு வருஷத்தில் எழுதியவர்கள் எட்டு லட்சத்தை ஒட்டிய பிள்ளைகள். 2020 மார்ச்சில் அவர்களுக்குப் பிளஸ் ஒன் கடைசித் தேர்வு ஒன்று பாக்கி இருக்கும்போது ஊரடங்கு வந்தது. அதற்கு முன்னால் எழுதிய தாள்கள்தான் அடுத்த வருஷம் அவர்களைக் காப்பாற்றின. அது இல்லாதிருந்தால் பத்தாம் வகுப்பு மார்க்கையும், பள்ளி தானாகப் போடுகிற அகமதிப்பீட்டையும் மட்டும் வைத்துத்தான் சீட் கொடுத்திருப்பார்கள். அகமதிப்பீட்டில் தனியார் பள்ளி எப்படி மார்க் போடும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராசிபுரத்தான்:
அரசுப் பள்ளி மட்டும் செய்முறைத் தேர்வில் மார்க்கை அள்ளிப் போடவில்லையா? எக்ஸ்டர்னலாக வருபவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து முழு மார்க் போட்ட கதை எங்களுக்கும் தெரியும்.

சாக்பீஸ்:
எந்தப் பள்ளி, எந்த வருஷம்? தெரிந்தால் துறைக்கு எழுதிக் கொடுங்கள். என் ஆய்வகத்தில் அப்படி ஒரு மார்க் போனதில்லை. வெர்னியர் அளவி பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு நான் முழு மார்க் போட்டதில்லை. அதற்காக பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கூட்டத்தில் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கணக்குப்பதிவியல்:
மறுபடியும் இயற்பியல்.

தேன்கனிக்கோட்டை தம்பி:
அண்ணே, மேடம், ஒரு சந்தேகம். என் தங்கச்சி பிளஸ் ஒன்னில் வேதியியல் அரியர் வைத்திருக்கிறாள். இப்போது பிளஸ் டூ. தேர்வு ரத்து என்றால் அவள் அரியர் என்ன ஆகும்? யாராவது சொல்லுங்கள்.

ராசிபுரத்தான்:
வாத்தியாரே, மார்க் போடாத பெருமையை அப்புறம் பேசலாம். நாமக்கல்லைப் பற்றி எழுதியதற்கு முதலில் வருத்தம் தெரிவியுங்கள்.

சாக்பீஸ்:
தெரிவிக்க மாட்டேன். தம்பி, தங்கச்சி படிக்கிற பள்ளித் தலைமையாசிரியரை நேரில் போய்ப் பார், தேர்வுத் துறைச் சுற்றறிக்கை அவரிடம் இருக்கும். ராசிபுரத்தானே, உங்கள் ஊர்ப் பெரிய பள்ளிகளில் இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்புக்குக் காலாண்டுத் தேர்வில் எந்தப் புத்தகத்திலிருந்து கேள்வி வந்தது? வினாத்தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

ராசிபுரத்தான்:
உங்களுக்கு வினாத்தாள் காட்ட நான் என்ன உங்கள் மாணவனா?