சந்தேகம்: 'அணுகுண்டு காந்தி' பத்திக்கு 5 அடிக்குறிப்பு இருக்கிறது, இன்னும் என்ன பார்க்கணும்?

கேட்டவர்:
சிவிலைசேஷன் (1991, மைக்ரோப்ரோஸ், டாஸ்) என்ற கணினி உத்தி விளையாட்டுக்கான விக்கிக் கட்டுரை வரைவில் மேற்கோள்களைச் சரிபார்க்கிறேன். விளையாட்டில் கணினி இயக்கும் தலைவர்களில் ஒருவரான காந்தியைப் பற்றிய பத்தியில் நிற்கிறேன். "காந்தியின் ஆக்ரோஷ மதிப்பு 1. மக்களாட்சிக்கு மாறினால் 2 குறையும். அந்த எண்ணை வைத்திருக்கும் மாறி 8 பிட், 0 முதல் 255 வரைதான் கொள்ளும் என்பதால் −1 ஆக வேண்டியது 255 ஆகிவிடும், அதனால்தான் அணுகுண்டு வீசுகிறார்" என்று இருக்கிறது. 5 அடிக்குறிப்பும் திறக்கின்றன, ஐந்திலும் இதே செய்திதான். விட்டுவிடலாமா? விற்பனை எண்ணுக்கு விஜிசார்ட்ஸ் தளத்தையும், விமர்சனத்துக்கு மோபிகேம்ஸ் தளத்தையும் கொடுத்திருக்கிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

பதில் 1:
இணைப்பு திறக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வரியைத் தேடிப்பிடித்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டு எழுதியது, யார் சொன்னதாக எழுதியது, அவருக்கு எப்படித் தெரியும். ஐந்தில் ஒன்றாவது 2012-க்கு முந்தையதா என்று பாருங்கள். இருக்காது. இந்த 255 கதை 2012-இல் டிவி ட்ரோப்ஸில் ஏறியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற தளம் அது. அங்கிருந்து ரசிகர் விக்கிகள், ரெடிட், பிறகு விளையாட்டுச் செய்தித் தளங்கள். 1991-இல் வந்த விளையாட்டின் வழுவை (நிரல் பிழையை) 21 ஆண்டு யாருமே எழுதவில்லை என்பதே சந்தேகப்பட வைக்கணும். உங்களிடம் இருப்பது 5 சான்று இல்லை, ஒரே சான்று 5 வேஷம் கட்டி நிற்கிறது.

மறுப்பும் இருக்கிறது. விளையாட்டை வடிவமைத்த சிட் மெயர் 2020-இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் இப்படி ஒரு வழு இருந்ததே இல்லை என்கிறார். சி மொழியில் முழு எண் மாறிகள் இயல்பிலேயே குறியுடையவை, அதாவது எதிர்ம எண்ணையும் ஏற்பவை, −1 என்றால் −1 ஆகவே நிற்கும். சிவிலைசேஷன் 2-இன் முதன்மை வடிவமைப்பாளர் பிரையன் ரெனால்ட்ஸும் மறுத்திருக்கிறார்: முதல் விளையாட்டில் ஆக்ரோஷத்துக்கு மூன்றே நிலை, காந்திக்கு இருந்த கீழ்நிலையிலேயே மூன்றில் ஒரு பங்குத் தலைவர்கள் இருந்தார்கள்.

கேட்டவர்:
அப்போ பத்தியையே தூக்கிவிடவா?

பதில் 2:
தூக்காதீர்கள். வழு பொய், ஆனால் அந்த வதந்தி பரவியது உண்மை. அதை எழுதலாம். வாக்கியத்தை மட்டும் திருப்புங்கள்:

"காந்தி அணு ஆயுதப் பிரியராக மாறக் காரணம் எண் வழுதான் என்ற கதை 2010-களில் இணையத்தில் பரவியது. மெயரும் ரெனால்ட்ஸும் அதை மறுத்துள்ளனர்."

முதல் வாக்கியத்துக்கு, கதை பரவிய விதத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வேண்டும். கதையை நம்பி எழுதிய கட்டுரையைப் போட்டால் பழையபடி அதே குழிதான். இரண்டாவதுக்கு மெயர் புத்தகத்தின் பக்க எண் கட்டாயம். பக்க எண் இல்லாத புத்தக மேற்கோளை யாரும் சரிபார்க்க முடியாது.

இன்னொன்று சேர்க்கலாம்: 2010-இல் வந்த சிவிலைசேஷன் 5-இல் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், காந்தியின் அணுகுண்டு நாட்டத்தை வேடிக்கைக்காக வேண்டுமென்றே 12 என்று வைத்தார். அந்த அளவுகோலே 10 வரைதான். பலர் இதையும் 1991-ஐயும் போட்டுக் குழப்புவார்கள், தனித்தனி வாக்கியமாக வையுங்கள்.

பதில் 1:
ஒரு எச்சரிக்கை. மெயர் புத்தகம் முதல்நிலை மூலம், அதாவது சம்பந்தப்பட்டவரே எழுதியது. "நிரலில் இப்படி இல்லை" என்பதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது. "விளையாட்டு பெரும் வரவேற்பு பெற்றது" என்பதற்கு அதே புத்தகத்தைக் காட்டக்கூடாது. ஆட்டமுறைப் பகுதிக்கு விளையாட்டின் கையேடு போதும்.

பதில் 3:
விஜிசார்ட்ஸை எடுத்துவிடுங்கள், அங்கே இருப்பவை மதிப்பீட்டு எண்கள். ஆங்கில விக்கியில் விளையாட்டுக் கட்டுரைகளைக் கவனிக்கும் குழுவான நிகழ்பட ஆட்டத் திட்டமும் அதை நம்பத்தகாத பட்டியலில்தான் வைத்திருக்கிறது. நிறுவனமோ நேர்காணலோ சொன்ன எண் கிடைக்கவில்லை என்றால் விற்பனை வரியே வேண்டாம்.

மோபிகேம்ஸ் தகவல் பயனர்கள் சேர்ப்பது, மேற்கோளாக வேண்டாம். ஆனால் வழிகாட்டியாகத் தங்கம். எந்தப் பத்திரிகை எவ்வளவு மதிப்பெண் கொடுத்தது என்று அங்கே இருக்கும். அதை வைத்து இன்டர்நெட் ஆர்க்கைவ் காப்பகத்தில் அந்த இதழின் வருடல் (ஸ்கேன்) பிரதியைத் தேடி, பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகு இதழ், மாதம், பக்கம் போடுங்கள். கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் 1996 நவம்பர் இதழ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த விளையாட்டுகள் பட்டியலில் இதற்கு முதலிடம் கொடுத்தது. வரவேற்புப் பகுதிக்கு அதுவே கனமான மேற்கோள்.

விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் எண் இருந்தால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். அந்தத் தளம் தொடங்கியதே 2001-இல். 1991 டாஸ் பதிப்புக்கு மெட்டாகிரிட்டிக் மதிப்பெண் என்று இருந்தால், பெரும்பாலும் அடுத்த பாகத்தின் எண்ணை ஒட்டியிருப்பார்கள். 1அப் போல 2013-இல் மூடிய விளையாட்டுத் தளங்களுக்குக் காப்பகப் பிரதி வேண்டும். அதையும் திறந்து படியுங்கள், சில பிரதிகளில் கட்டுரைக்குப் பதில் முகப்புப் பக்கம்தான் சேமித்திருக்கும்.

கேட்டவர்:
ஐந்தையும் மறுபடி திறந்தேன். இரண்டு ரசிகர் விக்கி. இரண்டு செய்தித் தளம், "சொல்லப்படுகிறது" என்பதோடு சரி, யார் சொன்னது என்று இல்லை. ஐந்தாவது அந்தச் செய்தித் தளங்களில் ஒன்றுக்கே இணைப்பு கொடுக்கிறது. ஐந்தையும் எடுத்துவிட்டேன். பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதி, புத்தகப் பக்க எண் கிடைக்கும்வரை இரண்டாவது வாக்கியத்தில் 'சான்று தேவை' வைத்திருக்கிறேன்.