ரெஃப்யூஜியம் பாசி ஒரே ராத்திரியில் வெளுத்துவிட்டது, உதவுங்கள்

பாம்பன் தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். வீட்டில் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, செயற்கைப் பாறை, அவ்வளவுதான். மீன் கழிவால் சேருகிற நைட்ரேட் 40க்குக் கீழே இறங்கவே இல்லை. அதனால் சம்ப்பில் (கீழே இருக்கிற வடிகட்டித் தொட்டி) 20 லிட்டர் அளவுக்குக் கண்ணாடி தடுத்து, பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம் ஆக்கி, நைட்ரேட்டை உறிஞ்சட்டும் என்று கரையில் ஒதுங்கிய கடல் திராட்சைப் பாசியை ஒரு கைப்பிடி போட்டேன். லைட் 8 மணி நேரம். மூன்று வாரத்தில் தடுப்பு நிறைய வளர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் அதில் கை வைக்கவே இல்லை. இன்று விடிந்து பார்த்தால் தண்டெல்லாம் நனைந்த டிஷ்யூ காகிதம் மாதிரி வெளுத்துத் தொங்குகிறது. தண்ணீர் பச்சையாகக் கலங்கிவிட்டது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்ன செய்வது?

மண்டபம் அண்ணன்:
பயப்படாதே தம்பி. முதலில் காற்றுக்கல்லைப் போடு, மீனுக்கு இப்போது ஆக்சிஜன்தான் முக்கியம். வெளுத்த பாசியை ஒரு இழை விடாமல் எடு. கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, அழுக்கை உறிஞ்சுகிற கார்பன் பையைத் தண்ணீர் ஓட்டத்தில் வை.

நடந்தது இதுதான். கடல் திராட்சை காலர்பா இனம். இனப்பெருக்கத்துக்குத் தயாரானால், உடம்பில் உள்ளதையெல்லாம் விடியற்காலையில் தண்ணீரில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். மூன்று வாரம் உறிஞ்சியது மொத்தமும் தொட்டிக்கே திரும்பிவிட்டது. பாசி வளர்வதால் மட்டும் நைட்ரேட் குறையாது, வெட்டி வெளியே எடுத்தால்தான் குறையும். காலர்பா வைப்பவர்கள் வாராவாரம் வெட்டுவார்கள், லைட்டையும் 24 மணி நேரம் எரியவிடுவார்கள்.

கீழக்கரையிலிருந்து:
அதற்குப் பதில் காப்பாபைகஸ் பாசி போடலாமே? கடலில் மிதவை கட்டி அதை வளர்க்கிறவர்களிடம் கேட்டால் தருவார்கள்.

மண்டபம் அண்ணன்:
அது மட்டும் வேண்டாம். ஒரு சின்னத் துண்டு கடலுக்குப் போனாலும் தழைத்துவிடும். குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தை அது போர்த்தி மூடியதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். கீட்டோமார்ஃபா பாசி வாங்கிக்கொள். சிக்கிப்போன தங்கூசி நரம்பு மாதிரி பந்தாக இருக்கும், காலர்பா மாதிரி திடீரென்று கொட்டாது. மேல் தொட்டி லைட் அணைந்ததும் கீழே லைட் எரியட்டும், ராத்திரியில் பிஎச் ரொம்ப இறங்காது. பந்து மெல்லப் புரளும் அளவுக்கு ஓட்டம் போதும். எந்தப் பாசியை வெட்டினாலும் வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடு, வாய்க்காலில் வீசாதே.

பாம்பன் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணா. தண்ணீர் மாற்றிவிட்டேன், மீன் கீழே இறங்கிவிட்டது. இன்னொன்று, குட்டி இறால் வகைகள் ஒளிந்துகொள்ள, கரையில் கிடக்கிற பவளக்கல்லைப் போடலாமா?

மண்டபம் அண்ணன்:
தொடாதே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த கல்லாக இருந்தாலும் வழக்குதான். உடைத்த செராமிக் துண்டே போதும்.

தொண்டிக்காரர்:
கடல் தண்ணீர்தான் எடுக்கிறீர்களா தம்பி? மழைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் உப்பு குறைந்துவிடும். மாற்றுவதற்கு முன்னால் ஹைட்ரோமீட்டரில் (உப்பு அளக்கும் கருவி) பாருங்கள், ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டும். கரண்ட் போனால், தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் குழாய் வழியாகவே மேல் தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும், அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.