ஒரே அளவு மூட்டம், ஒரே காடு: வருமானம் மட்டும் ஏன் ஏறுமாறு?

கேள்வி (பர்மாவின் தட்டோன் ஊர் வாசகர்):
ஊரில் கரிமூட்டம் (விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்குவது) போடும் வீடுகளின் வருமானத்தைக் கணக்கெடுக்கிறோம். மூட்டைகளை விலையால் பெருக்கினால் எல்லா வீடும் ஏறத்தாழ ஒன்றாக வருகிறது. நேரில் பார்த்தால் ஒரு வீட்டில் புதுத் தகரக்கூரை, அடுத்த வீட்டில் அரிசிக்கடன். எது விடுபடுகிறது?

மூட்டக்காரர்:
மூட்டையை எண்ணாதீங்க, நிறுங்க. சாக்கு வாய்க்கு மேலே குவித்துப் புல் வைத்துத் தைத்ததும் ஒரு மூட்டைதான், வாயோடு கட்டினதும் ஒரு மூட்டைதான். பர்மா வீசை 1.63 கிலோ; நம்ம பழைய 1.4 கிலோ வீசையோடு குழப்பிடாதீங்க.

அடுத்தது விறகு. பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே உள்ளே இருக்கும் விறகு எரிஞ்சு தீரும். நல்லா காய்ந்த விறகு 100 வீசை அடுக்கினால் மண்மூட்டத்தில் 15 முதல் 20 வீசை கரி. பச்சையா அடுக்கினால் 10 தேறினாலே பெரிசு. காயவைக்க வாரக்கணக்கில் காத்திருக்கணும். அடுப்பில் உலையில்லாத வீடு எங்கே காத்திருக்கும்?

காவலையும் எழுதுங்க. வெள்ளைப்புகை நீராவி, அது மெலிஞ்சு நீலமாகித் தெளிஞ்ச பிறகுதான் துவாரத்தை அடைக்கணும். முந்தினால் கொள்ளிக்கட்டை. ராத்திரி மண் வெடிச்சால் உடனே ஈரமண் பூசணும், இல்லைன்னா விடிஞ்சதும் சாம்பல். மாத்தி விழிக்க ரெண்டாள் இல்லாத வீடு அங்கேயே தோத்துடும்.

மோல்மீன் கணக்கர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் பெரிய ஓட்டை முன்பணம். மூட்டைக்கு விலை 10 பங்கு, சாக்கு, வண்டி, காட்டுச் செலவு 6 பங்கு என்று வையுங்கள், மிச்சம் 4. முன்பணம் வாங்கியவருக்கு வியாபாரி 8 தருகிறார்; மிச்சம் 2. விலையில் ஐந்தில் ஒன்று குறைந்தால் வருமானம் பாதியாகிவிடுகிறது! உங்கள் பெருக்கலில் இது தெரியவே தெரியாது. மழைக்காலத்தில் மூட்டம் போட முடியாமல் விலை ஏறும்போது, கரியை நனையாமல் வைக்கக் கொட்டகை உள்ளவர் மட்டும் விற்பார்.

ஏற்றத்தாழ்வுக்கு ஜினி எண் போடுங்கள்: எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, ஏற்றத்தாழ்வு கூடக்கூட 1ஐ நோக்கி ஏறும். ஐந்து வீட்டு நிகர வருமானம், சிறிதிலிருந்து: 2, 2, 3, 5, 8. ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 75. இரட்டித்தால் 150. வீடு 5, மொத்தம் 20, பெருக்கம் 100. 150ஐ 100ஆல் வகுத்து, வீட்டு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய 6ஐ 5ஆல் வகுத்து வரும் 1.2ஐக் கழித்தால் 0.3.

கரியோடு நிறுத்தாதீர்கள். நெல், கூலி, தாய்லாந்தில் வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்து ஒருமுறை, கரியை நீக்கி ஒருமுறை போடுங்கள். நீக்கியதும் எண் ஏறினால், இல்லாத வீட்டைக் கரிதான் தாங்குகிறது.

தட்டோன் வாசகர்:
வீட்டாள் உழைப்புக்குக் கூலி கழிக்கணுமா?

மோல்மீன் கணக்கர்:
வேண்டாம். ஆள்நாளைத் தனியாக எழுதி, நிகர வருமானத்தை அதால் வகுத்து, ஊர்க் கூலியோடு ஒப்பிடுங்கள். விறகு வெட்டிய நாளையும் ராக்காவலையும் விட்டுவிடாதீர்கள்.