புதுப்பிப்பு: பள்ளி மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்த பிறகு

பார்வையற்ற என் மகள் பள்ளியை முடிக்கிறாள், திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) உள்ள மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரியில் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பென் டிரைவில் என்விடிஏ-வின் கையடக்கப் பிரதி எடுக்கச் சொன்ன யோசனைதான். என்விடிஏ ஓர் இலவசத் திரைவாசிப்பான்; கையடக்கப் பிரதி என்றால் கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். கணினியைக் கொடுப்பதற்கு முன்பே எடுத்ததால், அவள் பழகிய குரல், வேகம், பெயர்களுக்கு அவளே திருத்தி வைத்த உச்சரிப்பு அகராதி எல்லாம் அப்படியே வந்துவிட்டன. கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்பாராதது: கல்லூரிக் கணினியில் கடவுச்சொல் கேட்கும் திரையில் சத்தமே இல்லை. விண்டோஸுக்குள் நுழைந்த பிறகுதான் கையடக்கப் பிரதி இயங்கும். அவளே கல்லூரிக்கு எழுதிக் கேட்டாள். ஆய்வகக் கணினி ஒன்றில் முழுமையாக நிறுவி, உள்நுழைவுத் திரையிலும் பேசும்படி அமைத்துக் கொடுத்தார்கள்.